மூச்சு வாங்கிய பேய்

அன்று காலை பதினொரு மணிக்கு அந்தக் கட்டடத்துக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் தங்கையின் மகள். அவள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறாள். அப்பா காலத்திலிருந்து எங்களிடம் ஒலிப்பதிவு செய்தவர். ஊரெல்லாம் அவரைக் 'காது' என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. பழைய பாட்டுகளைத் தூசு தட்டி மறுபடி இசைத்தட்டாக வெளியிடுகிற கம்பெனிக்காரர், முப்பது வயது இருக்கலாம். அவர் கூட்டி வந்த ஒரு பெண், இசைக் கல்லூரி மாணவி. ஆறாவதாக ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஆறாவது ஆள் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு ஊர் பேசுகிறது.

அது என் அப்பா கட்டிய ஒலிப்பதிவுக் கூடம். இருபத்தெட்டு வருடம் நடந்தது. இப்போது முன்கூடத்தை ஒரு மெத்தை வியாபாரிக்கு விட்டிருக்கிறோம். நாற்பது வயலின்கள் வாசித்த இடத்தில் கூரை வரைக்கும் மெத்தைகள் நிற்கின்றன. அங்கே கை தட்டினால் சத்தம் நம் கையை விட்டே நகராது. ஆனால் பின்னால் இருக்கும் எதிரொலி அறையை யாரும் தொடவில்லை.

அந்த அறையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். இப்போது போல ஒரு பொத்தானை அழுத்தி எதிரொலி சேர்க்கும் வசதி அன்று கிடையாது. அதற்கென்று ஒரு வெறும் அறை கட்டுவார்கள். ஜன்னல் இல்லை. சுவர், தரை, கூரை எல்லாம் வழவழவென்று வெள்ளை ஓடு. ஒரு மூலையில் ஒலிபெருக்கி, எதிர் மூலையில் ஒரு மைக். முன்கூடத்தில் பாடுகிறவரின் குரலைக் கம்பி வழியாக இந்த அறைக்கு அனுப்புவோம். குரல் ஓட்டில் மோதிச் சுற்றி மைக்கில் விழும். அதைத் திரும்ப வாங்கிப் பாட்டோடு கலந்தால், சின்னக் குரலும் பெரிய மண்டபத்தில் பாடியது மாதிரி கேட்கும். பதிவு நடக்கும்போது அந்த அறையில் ஓர் எறும்பு கூட இருக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன் பதிவான ஒரு பாட்டில் ஓர் எறும்பு இருந்தது. படம் ஒரு வாரம் கூட ஓடவில்லை, பாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. இரண்டாவது சரணத்தில் பாடகியின் குரலுக்குப் பின்னால், ரொம்பத் தள்ளி, இன்னொரு பெண் குரல் கூடவே பாடும். நான்கு வரி. அப்புறம் இல்லை. ரேடியோவில் போட்டார்கள். கடிதம் மேல் கடிதம் வந்தது. ஒரு பத்திரிகைக்காரர் எங்களைத் தேடி வந்து விசாரித்தார். கூடத்துக்கு அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு சித்தாள் பெண் மண் சரிந்து செத்துப்போனாள், அவளாக இருக்கலாம் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அன்றிலிருந்து அது பேய்ப் பாட்டு.

அந்தச் சித்தாள் கதையைச் சொன்னவன் நான்தான். அப்படி ஒரு பெண் சாகவே இல்லை.

என் தங்கை எட்டு மாதம் முன்பு காலமானாள். அதற்கு ஒரு வாரம் முன்னால் மருத்துவமனையில் மகளிடம், "அந்தப் பேய்ப் பாட்டு இருக்கில்ல, அது நான்தான்டி" என்று சொல்லியிருக்கிறாள். மகள் நம்பவில்லை. "மாமாவைக் கேளு. அவர் சொன்னா சொல்லட்டும், இல்லன்னா விட்டுடு. அவரைப் படுத்தாதே" என்றாளாம்.

மகள் விடவில்லை. கம்பெனி அந்தப் பாட்டை மறுபடி வெளியிடப் போகிறது என்று தெரிந்ததும் ஒரு காகிதத்தோடு வந்தாள். இரண்டாவது குரல் என் தங்கையுடையது என்று ஒரே ஒரு வரி; கீழே என் கையெழுத்துக்கு இடம். பார்த்த சாட்சி கையெழுத்துப் போட்டால் அட்டையில் அவள் அம்மா பெயர் வரும். போடாவிட்டால் பேய் என்றே வரும். அந்தக் காகிதம் இரண்டு வாரமாக என் சட்டைப் பையில் இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் மைக் முன்னால் நிற்பதில்லை என்பது என் தாத்தா காலத்து வழக்கம். அடுத்த வீட்டுப் பெண்களைப் பாட வைத்துத்தான் சாப்பிட்டோம், அது வேறு. என் பெயர் போட்டு ஒரு பொய்யை ஒப்புக்கொள்வதும் எனக்கு லேசான காரியமாக இல்லை.

கம்பெனிக்காரருக்கு வேறு கவலை. எதிரொலி கலந்த மூல நாடாவில் பூசணம் பிடித்து இரண்டாம் சரணம் நாசமாகிவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா எப்போதும் இன்னொரு நாடா ஓட்டுவார், எதிரொலி கலக்காமல். அது சுத்தமாக இருந்தது. அதை அதே அறைக்கு அனுப்பி மறுபடி எதிரொலி சேர்க்க வேண்டும். ஆனால் அதில் பாடகி மட்டும்தான் இருக்கிறார்.

"கவலையே வேண்டாம் சார், பேய்க்கு ஆள் பார்த்தாச்சு" என்று அவர் அந்த மாணவியைக் காட்டினார். அறைக்குள் நின்று அந்த நான்கு வரியை அச்சாகப் பாடுவாளாம்.

காது பிளாஸ்க்கைத் திறந்தார். "பேய் டீ குடிக்குமா?"

"சர்க்கரை கம்மியா இருந்தா குடிக்கும் தாத்தா" என்றாள் அவள்.

என் மருமகள் சிரிக்கவில்லை. "மாமா, போட்டீங்களா?"

"பாக்கலாம்."

"ரெண்டு வாரமா பாக்கறீங்க."

கம்பெனிக்காரர் நடுவில் புகுந்தார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பேய்னாத்தான் ஜனங்க தேடி வந்து கேப்பாங்க. யாரோ ஒருத்தரோட அம்மான்னு போட்டா எவன் வாங்குவான்?"

"யாரோ ஒருத்தரோட அம்மா இல்ல. எங்கம்மா."

மாணவி காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பழைய இசைத்தட்டின் அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்துத் தடவை இருக்கும். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஐயா, இதைப் பேய்னு யார் சொன்னது?"

"ஏம்மா?"

"ஒவ்வொரு வரிக்கு முன்னாடியும் மூச்சு வாங்கறாங்க. மூணாவது வரியில மூச்சு பத்தல, நடுவுல திருட்டுத்தனமா ஒண்ணு எடுக்கறாங்க. செத்தவங்களுக்கு எதுக்குங்க மூச்சு?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லாப் பாடத் தெரிஞ்சவங்க. ஆனா யாருக்கோ பயந்துக்கிட்டுப் பாடறாங்க" என்றாள்.

காது மெத்தைகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு எழுபத்தெட்டு வயது, அவருக்கு நான் இன்னும் சின்னவர்தான். "சின்னவரே, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? அம்பத்திரண்டு வருஷமா காதுக்குள்ளயே வெச்சிருக்கேன். வலிக்குது."

நானே சொன்னேன்.

அன்று பாடகி ரயிலுக்குப் போக வேண்டும். மூன்றாவது தடவை பாடியது நன்றாக அமைந்தது, வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். சாதனங்களை அணைக்க நான் பின்னால் போனேன். எதிரொலி அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே என் தங்கை, பதினெட்டு வயது, வெறுங்காலோடு மைக்கிலிருந்து இரண்டடியில் கண்ணை மூடி நின்றிருந்தாள். சத்தம் வராமலிருக்கக் கொலுசுகளைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தாள். பாட்டு முடிந்தது கூடத் தெரியாமல் உதடு அசைந்துகொண்டிருந்தது.

"வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றேன். அதைக் கத்திச் சொல்லவில்லை. ஓட்டுச் சுவர் அதைக் கத்தலாக்கி இரண்டு மூன்று தடவை அவளுக்குச் சொன்னது. அவள் போய்விட்டாள்.

அப்பா நாடாவைக் கேட்டார். இரண்டாம் சரணம் வந்ததும் நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி கேட்டார். "யாரு?" என்றார். "யாருமில்லப்பா" என்றேன். காதும் பக்கத்தில்தான் நின்றார். அப்பா எங்கள் இருவரையும் பார்த்தார். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவர் என்னை நம்பினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டு என்னை விடவில்லை. முடிவெட்டும் கடையில், பேருந்தில், பக்கத்து வீட்டு ஜன்னலில் என்று எங்கே கேட்டாலும் இரண்டாம் சரணத்துக்கு முன் எழுந்துவிடுவேன். பாதி முடிவெட்டோடு வெளியே வந்திருக்கிறேன். அவள் கல்யாணமாகிப் போன வீட்டில் ஒரு நாள் நான் விருந்தாளியாக இருக்கும்போதே அது ரேடியோவில் வந்தது. அவள் மாமியார், "விளக்கு வெக்கிற நேரத்துல பேய்ப் பாட்டு எதுக்கு, அணைம்மா" என்றார். அவள் எழுந்து அணைத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. அவள் பாடி நான் அதன் பிறகு கேட்டதில்லை.

சொல்லி முடித்தேன். சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். மருமகள் அதை வாங்கி மடித்துப் புடவை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. அது அவளுக்குச் சேர வேண்டிய காகிதம்.

"அப்போ பேய்?" என்றார் கம்பெனிக்காரர்.

"எனக்கு வேண்டாம் சார்" என்றாள் மாணவி. "அவங்க இடத்துல நான் நிக்க மாட்டேன்."

அறை காலியாக இருக்கட்டும் என்று முடிவானது. கதவைச் சாத்திவிட்டு வருகிறேன் என்று நான் போனேன்.

உள்ளே ஓடுகள் சில்லென்று இருந்தன. ஒலிபெருக்கி இருந்த மூலை அதே மூலை. அவள் நின்ற இடம் எனக்கு அளந்து வைத்தது போலத் தெரியும். செருப்பை வெளியே விட்டு, கதவை உள்பக்கமாகச் சாத்திக்கொண்டு அங்கே நின்றேன்.

கதவுச் சத்தம் மைக்கில் கேட்டிருக்கும்; பாட்டு தொடங்கியது. அந்தப் பாடகி இறந்து இருபது வருடம் ஆகிறது. அவர் குரல் நாலு பக்கத்திலிருந்தும் வந்து என்னைச் சூழ்ந்தது. பல்லவி போனது. முதல் சரணம் போனது. இரண்டாவதுக்கு முன்னால் வயலின்கள் இறங்கின. ஐம்பத்திரண்டு வருடமாக எந்தக் குரலைக் கேட்கக் கூடாது என்று ஓடினேனோ, அதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

முதல் வரி. அவள் வரவில்லை. இரண்டாவது வரி. பாடகி தனியாகவே பாடிக்கொண்டு போனார். மூச்சு திருட வேண்டிய மூன்றாவது வரியும் வந்தது. அந்த இடத்தில் வெறும் ஓடு மட்டும் ஒலித்தது. பேய் பிடித்த அறை என்று ஊருக்கே சொன்னவன் நான். அதில் ஒருவரும் இல்லை என்று தெரிந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

"பாடு" என்றேன்.

சுவர் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது. நான்காவது வரியும் போய்விட்டது.

வெளியே வந்தபோது எல்லோரும் காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டு நின்றிருந்தார்கள். "சார், உங்க குரல் பதிவாயிடுச்சு. இன்னொரு தடவை எடுத்துடலாம்" என்றார் கம்பெனிக்காரர். காது நாடாவைப் பின்னுக்கு ஓட்டக் கையை வைத்தார்.

"வேண்டாம்" என்றாள் என் மருமகள். "இருக்கட்டும்."

தட்டு வந்து நான்கு மாதம் ஆகிறது. அட்டையில் பாடகியின் பெயருக்குக் கீழே அதே அளவு எழுத்தில் என் தங்கையின் பெயர் இருக்கிறது. முதல் பக்கத்தில் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்தது, கீறல்களோடு, அவள் குரலோடு. மறுபக்கத்தில் புதியது. அந்தப் பக்கத்தில், இரண்டாம் சரணத்தில், ஒரு கிழவன் கரகரத்த குரலில் "பாடு" என்கிறான். அது என் அப்பாவின் ஆவி என்றும், பெற்ற மகளை அந்த அறையில் பூட்டிவைத்துச் சாகடித்தார் என்றும், செத்த பிறகும் அவளைப் பாடச் சொல்கிறார் என்றும் இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

அப்படி எதுவும் இல்லை. அந்த அறைக்குப் பூட்டே கிடையாது. என் தங்கை எழுபது வயது வரை வாழ்ந்து, சிறுநீரகக் கோளாறால் மருத்துவமனையில் இறந்தாள். மகள் பக்கத்தில் இருந்தாள். அந்தக் குரல் என்னுடையது. அன்று எனக்குச் சளி.