கொஞ்சம் கூட்டிக் குடு

டாக்டரம்மா ஆசை ஆசையாய் வாங்கி வந்த பிரிண்டரின் ஒயரைப் பழைய கம்ப்யூட்டரின் முன்பக்கத்தில் சொருகினார். அவ்வளவுதான், கம்ப்யூட்டர் பொசுக்கென்று அணைந்துபோனது. அதன்பிறகு எத்தனை முறை பட்டனை அமுக்கினாலும் உள்ளேயிருக்கும் விசிறி அரைச் சுற்று சுற்றிவிட்டு நின்றுவிட்டது.

"இதுக்கு எவ்வளவு வயசாச்சோ! எடைக்குப் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா சாப்பிடக் கிளம்பினார். கெடுத்தவர்களுக்கு எப்போதுமே நல்ல பசி எடுக்கும்.

அந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள் அங்கேயே நின்றாள். அந்தக் காது ஆஸ்பத்திரியில், காது கேட்கும் கருவிகளுக்குச் சத்தத்தை அளவாக வைத்துக் கொடுப்பது அவள் வேலை. பழைய கருவிகளை மாட்டுகிற சின்னப் பெட்டி இந்தக் கம்ப்யூட்டர் சொன்னால்தான் கேட்கும். புதியதில் சொருகினால் திரும்பிக்கூடப் பார்க்காது. போனால் போகட்டும் என்று நினைத்தாள். மகன் போனதிலிருந்து எது போனாலும் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. அழுகைகூட வருவதில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல் இருந்தது நாளெல்லாம்.

அந்த நேரம் பார்த்து அவள் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். ஒரு சின்ன டப்பாவை மேசைமேல் வைத்தார். உள்ளே அவருடைய கருவி, காதுத் துளைக்குள் போனால் வெளியே தெரியாத பழைய ரகம்.

"இத கொஞ்சம் சரி பண்ணிக் குடு" என்றார்.

மகனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று அதைக் கழற்றி இழுப்பறையில் போட்டவர். அது இல்லாவிட்டால் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அந்த தைரியத்தில்தான் அவள் வீட்டில் பேச ஆரம்பித்தாள். அடுப்பைப் பார்த்து, சுவரைப் பார்த்து, அவர் முதுகைப் பார்த்து. "நீங்கதான அவனுக்கு வண்டிச் சாவிய எடுத்துக் குடுத்தீங்க." தினமும் இதேதான். முகத்துக்கு நேரே ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது இந்தக் கம்ப்யூட்டர் எழுந்திருக்காவிட்டால், டப்பா மறுபடி இழுப்பறைக்குப் போகும். அவர் இன்னொரு முறை தானாக வரமாட்டார். எழுந்துவிட்டால், இனி அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டில் எது வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. கை மட்டும் வேலையைத் தொடங்கியது.

பிரிண்டரைப் பிடுங்கினாள். கீபோர்டு, மவுஸ், பெட்டி என்று ஒட்டிக்கொண்டிருந்த அத்தனையையும் பிடுங்கினாள். கரண்ட் ஒயரையும் உருவிவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும்வரை பட்டனை அழுத்திப் பிடித்தாள். டார்ச் அடித்துப் பார்த்தபோது பிரிண்டரைச் சொருகிய ஓட்டைக்குள் ஒரு கம்பி வளைந்து பக்கத்துக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கருகிப் போகாமல் இருக்கத்தான் கம்ப்யூட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருக்கிறது. ஊக்கு முனையால் கம்பியை விலக்கிவிட்டாள்.

பிறகு ஒவ்வொன்றாக மாட்டினாள். கரண்ட் மட்டும் கொடுத்தாள், விசிறி நிற்காமல் சுற்றியது. அணைத்துவிட்டுக் கீபோர்டு, அப்புறம் மவுஸ். கடைசியாகப் பின்பக்கத்தில் அந்தச் சின்னப் பெட்டி. முக்கி முனகி, திரையில் வெளிச்சம் வந்தது.

டப்பாவைத் திறந்து கருவியை எடுத்தாள். பேட்டரிக் கதவை மூடி உள்ளங்கைக்குள் பொத்தினாள். யாருடைய கருவியானாலும் முதலில் அவள் செய்கிற காரியம் இது. உயிர் இருந்தால் பொத்திய கைக்குள் கீச்சென்று விசில் அடிக்கும்.

அடித்தது. மாதக்கணக்கில் சும்மா கிடந்த பேட்டரி இப்படிக் கத்தாது.

ஊரார் காதையெல்லாம் எட்டிப் பார்க்கிறவள், அந்த ஒரு காதை மட்டும் இத்தனை நாளாகப் பார்க்கவேயில்லை. அவர் முகத்தையே பார்க்காதவள் காதை எங்கே பார்த்தாள்? தன் உதட்டை அவர் படிக்கத் தோதாக எதிரே போய் நின்றாள்.

"இத எப்பலேருந்து போட்டிருக்கீங்க?"

"கழட்டுனது அந்த ஒரு ராத்திரிதான்."

"அப்ப நான் பேசுனதெல்லாம்?"

"முன்ன நல்லாத்தான் கேட்டுச்சு. இப்ப உன் குரல் இறங்கிப் போச்சு, பாதி கேக்கல. கொஞ்சம் கூட்டிக் குடு."

"திட்டு வாங்குறதுக்கா?"

அவர் தரையைப் பார்த்தார். "நம்ம வீட்ல அவனப் பத்திப் பேசுறது நீ ஒருத்திதான்."

அவள் கருவியைப் பெட்டியில் மாட்டிச் சத்தத்தைக் கூட்டினாள். இரண்டு முறை தப்பாகி, மூன்றாவதில்தான் சரியாக வந்தது. கருவியை அவர் காதில் தானே பொருத்தினாள்.

அதற்கப்புறம் வழக்கமான சோதனை. உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்காதபடி அவள் பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லவேண்டும், உட்கார்ந்திருப்பவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள், வீட்டில் நிற்பதுபோலவே.

"மரம்."

"மரம்."

"பால்."

"பால்."

எல்லோருக்கும் சொல்கிற வரிசையில் அடுத்த வார்த்தை வண்டி. வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. அந்த நரைத்த பிடரியைப் பார்த்தாள்.

"என்கிட்ட கேட்டிருந்தாலும்," என்றாள், "நானும் சாவியக் குடுத்திருப்பேன்."

அவர் திருப்பிச் சொல்லவில்லை. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுச்சாங்க?"

"கேட்டுச்சு," என்றார். "இன்னொரு தடவ சொல்லு."