பெல்லெத்தியின் ஸ்வரம் இறங்கவில்லை

"உங்க ஸ்வரம் இன்னும் இறங்கல, மாயெஸ்த்ரோ."

"எங்க நிக்குது?"

"மூணாவது மாடத்துக்குப் பக்கத்துல. காவல்காரர் அதுல தொப்பிய மாட்டி வெச்சிருக்கார்."

"சுருதி சரியா இருக்கா?"

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு. இறங்கத்தான் மாட்டேங்குது."

1957 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை, போர்கோ சான் வித்தாலே ஊரின் ஆப்பரா அரங்கில் நடந்த பேச்சு இது. கேட்டவர் பாரிட்டோன் ஒத்தோரினோ பெல்லெத்தி. சொன்னவர் எர்சிலியா என்ற பெண், மேடையின் முன்விளிம்பில் வெட்டிய குழிப்பெட்டிக்குள் உட்கார்ந்து, பாடகர்களுக்கு ஒவ்வொரு வரியையும் ஒரு மூச்சு முன்னதாக எடுத்துக்கொடுப்பவர். பிற்பாடு ரொட்டிக்கடையில் அவரே சொன்னதால் நம்பலாம். முந்தைய நாள் பிற்பகல் ஆட்டத்தில் பெல்லெத்தி பாடிய ஒரு கீழ் ஸ்வரம், அவர் வாயை மூடிய பிறகும் நிற்கவில்லை. மேலே போய்ச் சரவிளக்குக்கு இடப்பக்கம், உப்பிட்டுக் காயவைத்த பன்றித்தொடை அளவில் தங்கிவிட்டது. அந்த வாரம் வெண்ணெய் விலை ஏறியிருந்ததால் ஊரில் ஸ்வரத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஆப்பராவில் பெண்ணும் நிலவும் உச்சக்குரல் டெனருக்கு. கனத்த நடுக்குரல் கொண்ட பாரிட்டோனுக்குத் தாடி, சாபம், குத்துவாள், கல்யாண வயதில் ஒரு மகள். முப்பத்திரண்டு வயதுக்குள் பெல்லெத்தி பத்தொன்பது பெண்களுக்குத் தகப்பனாகியிருந்தார். அவர்களில் பதினாறு பேர் அவரைவிட மூத்தவர்கள். குரல் குறைவில்லாமல் இருந்தது. நினைவுதான் இல்லை. எர்சிலியா எடுத்துக்கொடுக்காமல் அவர் ஒரு வரியும் பாடியதில்லை. எங்கள் ஊர் மூன்றாம் மாடமோ, அதாவது மலிவு டிக்கெட் மேல்தளத்துக் கூட்டமோ, இசை கேட்க வருவதில்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டுப் பந்திக்கு வருவதுபோல, குறை கண்டுபிடிக்க வரும். கசாப்புக்கடை ஜெல்மினி தலைமையில் அங்கே எல்லோருக்கும் எல்லா ஆப்பராவும் மனப்பாடம். ஒரு சொல் தவறினால் சீழ்க்கைதான். எங்களிடம் சீழ்க்கை பாராட்டு அல்ல.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெல்லெத்திக்கு அபூர்வமாகக் காதல் வேடம், கிழட்டுப் பிரபுவாக. அவர் நாயகியிடம் "என்னைவிட்டுப் போகாதே" என்று கெஞ்ச வேண்டிய இடம் வந்தது. அந்த வரியை எடுத்துக்கொடுக்க எர்சிலியா வாயைத் திறந்தார், முடியவில்லை. மூன்று வருடமாகத் தாம் கேட்கக் காத்திருந்த வரியைத் தாமே சொல்லிக்கொடுத்து, பெல்லெத்தி அதை வேறொருத்தியிடம் ஒப்பிப்பதைப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. புத்தகத்தை மூடிவிட்டார். அடுத்த வரி வராததால் பெல்லெத்தி இருந்த ஸ்வரத்திலேயே நின்றார். இருபது விநாடி, முப்பது விநாடி. மறதியை மேதைமை என்று எடுத்துக்கொண்ட மூன்றாம் மாடம் முதன்முறையாக எழுந்து நின்று கைதட்டியது. ஜெல்மினி அழுதார். வேறு வழி தெரியாத டெனர் முன்கூட்டியே நுழைந்து பிரபுவைக் குத்திக் கொன்று கதையை நகர்த்தினார்.

அதற்குப் பிறகு நேப்பிள்ஸ், புவெனஸ் அயர்ஸ், ஒசாகா என்று எல்லா ஊர்களும் அந்த நிற்கும் ஸ்வரத்தைக் கேட்க அவரை அழைத்தன. ஓர் ஊருக்கும் அது கிடைக்கவில்லை, ஏனென்றால் எர்சிலியா அப்புறம் ஒரு வரியும் தவறவிடவில்லை. வெறும் கச்சேரிக்கும் அவர் இல்லாமல் பெல்லெத்தி போகமாட்டார். ஒசாகாவில் சாமந்தித் தொட்டிகளுக்குப் பின்னால் எர்சிலியாவை உட்காரவைத்தார்கள். ஒரு பிஷப் மாளிகையில் பியானோவுக்கு அடியில். உணவகத்தில் பரிசாரகர் என்ன வேண்டும் என்று கேட்டால் பெல்லெத்தி தரையைப் பார்ப்பார். எர்சிலியா மெல்ல "கோழிச்சாறு, மாவு உருண்டை போட்டது" என்பார். அதையே பெல்லெத்தி உணவகம் அதிரச் சொல்வார். சட்டை வாங்குவது, பாவமன்னிப்புக் கேட்பது எல்லாம் இப்படித்தான். மேடைக்கு வெளியே, தம்மிடம் சொல்லவேண்டிய அந்த ஒரு வரி தவிர. அதை மட்டும் எடுத்துக்கொடுப்பதில்லை என்று எர்சிலியா தீர்மானித்திருந்தார். வருடத்துக்கு இரண்டு முறையாவது பெல்லெத்தி, "எர்சிலியா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பிப்பார். பழக்கத்தில் தரையைப் பார்ப்பார். தரை ஒன்றும் சொல்லாது. எர்சிலியா எதிரே நின்றுகொண்டிருப்பார். கடைசியில் பெல்லெத்தி, நாளைய ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்பார். இருபத்தாறு வருடமாக எர்சிலியா அதற்குச் சரியான பதிலைச் சொல்லிவந்தார். இருவரும் ஒருமையில் பேசிக்கொண்டதே இல்லை.

ஊர் ஸ்வரத்துக்குப் பழகிவிட்டது. மழைக்காலத்தில் அதில் ஈர மேலங்கிகளைத் தொங்கவிட்டார்கள். யாருடையது முதலில் என்பதில் மூப்பு வரிசை உண்டு. வாத்தியங்களை அதற்குச் சுருதி சேர்த்தார்கள். ஒத்துவராத ஆப்பரா நடக்கும் நாளில் கம்பளி போர்த்தி வைத்தார்கள். தீயணைப்பு அதிகாரி பார்வையிட்டு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொடுத்தார்.

1983-இல், குழிப்பெட்டி பழைய மோஸ்தர் என்று நிர்வாகம் அதைப் பலகை அடித்து மூட முடிவு செய்தது. எர்சிலியா தம் தங்கையோடு இருக்கத் த்ரியெஸ்தே நகருக்குப் போகிறார் என்று ரொட்டிக்கடையில் தெரிந்தது. ஐம்பத்தெட்டு வயது பெல்லெத்தியின் விடைபெறும் கச்சேரி ஞாயிறு பிற்பகல். எர்சிலியாவின் ரயில் ஐந்து நாற்பதுக்கு. மேலங்கியைக் கழற்றாமல், காலடியில் பெட்டியோடு குழிக்குள் உட்கார்ந்து எர்சிலியா எல்லா வரிகளையும் எடுத்துக்கொடுத்தார். கடைசிப் பாட்டு அந்தக் கிழட்டுப் பிரபுவுடையது. ஸ்வரம் மேலே தயாராக இருந்தது. பெல்லெத்தி அதற்குக் கீழே வாயைத் திறந்தால் போதும். திறந்தார். எர்சிலியா புத்தகத்தை மூடினார்.

மூன்றாம் மாடத்தில் இருநூறு பேருக்கும் அடுத்த வரி தெரியும். பல்லெல்லாம் போன ஜெல்மினி பின்னால் திரும்பி, "எவனாவது எடுத்துக் குடுத்தீங்க, தொடைய அறுத்து உப்புல போட்டுருவேன்" என்றார். ஒருவரும் எடுத்துக்கொடுக்கவில்லை. வரி தவறியது தெரிந்தும் சீழ்க்கை இல்லை. எங்கள் ஊர் வரலாற்றில் அது ஒருமுறைதான். பெல்லெத்தி தரையைப் பார்த்தார். பிறகு இரண்டடி முன்னால் வந்து, முழங்கால் நெட்டி முறியும் சத்தம் மாடம்வரை கேட்க மண்டியிட்டு, குழிக்குள் எட்டிப் பார்த்தார். மேலே அவருடைய ஸ்வரம், நாலு மேலங்கியும் ஒரு குடையும் தொங்க, தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் பாடவில்லை. கரகரத்த குரலில், தட்டுத்தடுமாறிச் சொன்னார்:

"என்னைவிட்டுப் போகாத, எர்சிலியா."