லாபம், ரெண்டு, மூணு

தட்டில் நான்கு துண்டு தக்காளி இருந்தது. யாரோ அதன்மேல் எண்ணெயைச் சொட்டவிட்டு, ஒரு இலையைச் செருகி, எள்ளையும் தூவியிருந்தார்கள். பாரதி ஒரு துண்டை முள்கரண்டியால் புரட்டிப் பார்த்தாள். காம்படியில் வெள்ளை ஓடியிருந்தது. காயாகப் பறித்து அறையில் போட்டுப் பழுக்க வைத்த சரக்கு. பாலக்கோட்டில் அவர்கள் மண்டிக்கு இப்படி ஒரு பெட்டி வந்தால், இறக்கினவனையும் சேர்த்து வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே நாற்பது பேர் அதை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள்.

“நம்ம காயா பாப்பா?” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா மாரப்பன்.

“நம்ம காயா இருந்தா என்னாத்துக்குப்பா இத்தினி எண்ணெய ஊத்தி மூடறாங்க.”

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் புதுத் துண்டு, நெற்றியில் திருநீறு. சம்பந்தம் பேசப் போகிறவர்போல வந்திருந்தார்.

பாப்பாரப்பட்டியைத் தாண்டி, பெங்களூர்க்காரர் ஒருவர் வாங்கிப்போட்டிருந்த பண்ணை அது. கச்சேரி மாட்டுக்கொட்டாயில். மாடு கிடையாது. சாணி மெழுகிய தரையில் எலுமிச்சைப்புல் வாசம் அடித்தது. வைக்கோல் கட்டுகளின்மேல் மெத்தை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மைக் இல்லை, ஒலிபெருக்கிப் பெட்டிகள் இல்லை. மரக் கிடாரும் குரலும் மட்டும், மனசோடு மனசாக, என்று அழைப்பில் எழுதியிருந்தது. அதைப் படித்த அன்று பாரதிக்கு மண்டியில் கை ஓடவில்லை. பாடப்போவது ‘தகரக்கொட்டாய்’. பதினாலு வருஷமாக அவள் விடாமல் கேட்கிற இசைக்குழு.

கேட்பதற்குக் காரணமும் இருந்தது. அவள் காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது அந்த நாலு பையன்களும் ஒரு ஓட்டை வேனில் பாலக்கோட்டுக்கு வந்தார்கள். சந்தைச் சத்தத்தைப் பதிவு செய்கிறோம் என்று ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அன்றைக்கு மாரப்பன் லாரிக்குப் பெட்டி எண்ணிக்கொண்டிருந்தார். மண்டியில் எத்தனை ஆள் இருந்தாலும் எண்ணுவது அவர்தான். அடிவயிற்றிலிருந்து வரும் குரல், இழுத்து இழுத்து: “லாபம்... ரெண்டு... மூணு... நாலு...”

ஒன்று என்று யாரும் எண்ணத் தொடங்க மாட்டார்கள். வியாபாரி என்றில்லை, தன் களத்தில் கேழ்வரகு அளக்கிற குடியானவனும் முதல் மரக்காலுக்கு லாபம் என்றுதான் சொல்வான். ஒன்று என்றால் ஒன்றோடு நின்றுவிடுமோ என்று ஒரு பயம். மாரப்பனுக்கு இன்னொரு சட்டமும் உண்டு. எண்ணும்போது குறுக்கே பேசக்கூடாது. பேசினால் ஏற்றிய பெட்டியை எல்லாம் விட்டுவிட்டு மறுபடி லாபத்திலிருந்து தொடங்குவார். லாரிக்காரர்கள் அதற்குப் பயந்தே இருமலை அடக்கிக்கொள்வார்கள்.

அந்தக் குரல்தான் ‘பழுத்த கோபம்’ பாட்டின் தொடக்கமாக வந்தது. லாபம், ரெண்டு, மூணு, நாலு. அந்த நாலில் டிரம்ஸ் விழும். முதல் தடவை கேட்டபோது பாரதிக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. மாரப்பனின் போனில் இன்றுவரை அதுதான் மணி. அவருக்கு நெஞ்சில் அறுவைசிகிச்சை ஆகி, மண்டி முழுக்க ஆம்பளைகளுக்கு நடுவே அவள் தனியாக நின்ற வருஷம், விடிவதற்கு முன் ஷட்டரைத் தூக்கும்போது காதில் அதைத்தான் வைத்துக்கொள்வாள். அப்பா எண்ணுவார், நாலில் டிரம்ஸ் விழும், அவள் உள்ளே போவாள். அந்த நாலு எண் இல்லாவிட்டால் மண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போயிருப்பாள்.

“நீங்கதான் அந்தக் குரல்னு இப்பவே போயி சொல்லலாங்களா?” என்று வந்ததும் கேட்டாள்.

“பாட்டு முடியட்டும். இப்ப சொன்னா அந்தத் தம்பி பதறிப்பூடும்.”

அந்தத் தம்பி, குழுவின் பாடகன் அருள்குமார், தனியாக வந்தான். தாடி நரைத்திருந்தது. வெறுங்கால், கைத்தறிச் சட்டை. முதல் மூன்று பாட்டும் மெத்தென்று போயின. பழைய முரட்டுத்தனத்தையெல்லாம் சீவி, தோலுரித்து, விதையெடுத்துத் தட்டில் வைத்திருந்தான். போகட்டும், வயசாகிறது என்று பாரதி மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். பிறகு அவன் கிடாரை மடியில் சாய்த்துவிட்டுப் பேசத் தொடங்கினான்.

“நெக்ஸ்ட் பாட்டோட ஓப்பனிங்ல ஒரு வாய்ஸ் வரும்ல? அது இங்க பக்கத்துல பாலக்கோடு மார்க்கெட்ல ரெக்கார்ட் பண்ணது. ஒரு மண்டி ஓனர். கிரீட்னா என்னன்னு நாங்க அன்னிக்குத்தான் நேர்ல பாத்தோம். அந்தாளுக்கு ஒன்னுன்னு ஒரு நம்பரே கிடையாது. ஃபர்ஸ்ட் பெட்டியே லாபம். ஃபார்மரோட பிளட் ஃபுல்லா அந்த ஒரு வேர்ட்ல இருக்கு. நாலு பேரும் ஸ்டார்விங், நாட் ஈவன் எ கப் ஆஃப் டீ.”

கொட்டாய் முழுக்கச் சிரிப்பு. ஒரு பெண், “ஓ மை காட், லாபம்” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பாரதி தட்டைத் தள்ளிவைத்தாள். அன்றைக்கு வேன் ரிப்பேராகி நாலு பேரும் இரண்டு நாள் கிடந்தது அவள் வீட்டில்தான். களியும் கோழிக்குழம்பும். மூன்றாவது உருண்டை கேட்டவன் இதே அருள்குமார். அது போகட்டும், தின்ற சோற்றை மறக்கிறவர்களை அவள் தினமும் பார்க்கிறாள். அப்பாவும் ஒன்றும் தர்மராஜா இல்லை. பேராசைக்காரர் என்று நிரூபிக்க வேண்டுமென்றால் பத்துக் காரணம் அவளே எடுத்துக் கொடுப்பாள். இந்த மடையன், அவர்மேல் எந்தக் குற்றமும் சொல்ல முடியாத ஒரே இடத்தைப் பார்த்துக் கைவைத்திருக்கிறான். ரத்தமாம். எந்த விவசாயியிடமாவது எப்படி எண்ணுவாய் என்று கேட்டிருக்கிறானா?

அவளைச் சுட்டது அதுவும் இல்லை. அந்த நாலு எண்ணை அவர்கள் முதலிலிருந்தே கேலிக்குத்தான் வைத்திருக்கிறார்கள். பதினாலு வருஷமாக அவள் காதில் வைத்துக்கொண்டிருந்தது அந்தக் கேலியை.

மாரப்பன் அவள் பக்கம் சாய்ந்தார். அந்த இங்கிலீஷ் கலந்த பேச்சில் அவருக்குப் பாலக்கோடும் லாபமும் மட்டும் புரிந்திருந்தன. முகம் பூரித்திருந்தது.

“நம்மளத்தான் சொல்றானா?”

“ஆமாங்கப்பா.”

“என்னான்னு?”

வாடிய சரக்கை வாடாததுபோலப் பேசி விற்பது பாரதிக்குக் கைவந்த வேலை. இப்படி ஒரு சரக்கை அவள் இதுவரை விற்றதில்லை.

“உங்க குரலு மாதிரி எங்கியும் கேட்டதில்லையாம்.”

“சோறு போட்டத சொன்னானா?”

“அதான் முதல்ல சொன்னான்.”

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். “நல்ல பையன். அன்னிக்கே எங்கிட்ட வந்து, ஏன் லாபம்னு சொல்றீங்கன்னு கேட்டான். ஒக்கார வெச்சு எல்லாம் சொன்னேனே.”

பாரதி நிமிர்ந்து அருள்குமாரைப் பார்த்தாள். ஆக, தெரியாமல் இல்லை. அவன் இரண்டு கையையும் தூக்கிக் கூட்டத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். “இன்னிக்கு ரெக்கார்டிங் கிடையாது. நீங்கதான் அந்த கிரீட். எல்லாரும் சேந்து எண்ணுங்க. நாலுல நான் ஸ்டார்ட் பண்றேன்.”

நாற்பது பேரும் மூக்கால் இழுத்து, கோணல் வாயோடு, “லாபோம்” என்றார்கள்.

மாரப்பனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து அருள்குமாரின் எதிரே போய் நின்றார். “அப்பிடி இல்லீங்க,” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, கண்ணை மூடினார்.

“லாபம்...”

மைக் இல்லாத கொட்டாயில் தகரக் கூரை அதிர்ந்தது. சிரிப்பு நின்றது. “ரெண்டு... மூணு... நாலு...” அருள்குமாரின் விரல்கள் கம்பிக்கு மேலே தயாராக நின்றன, ஆனால் மாரப்பன் நாலில் நிற்கவில்லை. ஏன் நிற்க வேண்டும், நாலு பெட்டிக்கு யார் லாரி வைப்பார்கள்? “அஞ்சு... ஆறு...” பன்னிரண்டு வந்தபோது கூட்டத்தில் ஒருத்தர் தொண்டையைக் கனைக்க வந்து அடக்கிக்கொண்டார்.

பதினாறில் அருள்குமாருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. முகம் முதலில் வெளுத்தது. வெட்கப்படப் போகிறான் என்றுதான் பாரதி நினைத்தாள். அவன் மெல்லக் குனிந்து, தன் போனை எடுத்து, எதையோ அழுத்தி, மாரப்பனின் காலடியில் சாணித் தரையில் வைத்தான். சிவப்புப் புள்ளி ஒன்று மினுக்கியது. பிறகு நிமிர்ந்து, கண்ணை மூடி, மனம் உருகுகிறவன்போலத் தலையாட்டினான்.

பாரதி எழுந்தாள். அடிமாட்டு விலை கேட்டவனைப் பார்த்து மண்டியில் சிரிக்கிற அதே சிரிப்போடு போய், போனை எடுத்து, சிவப்புப் புள்ளியை அழுத்தி அணைத்தாள். திருப்பித் தரவில்லை. அருள்குமார் கண்ணைத் திறந்து கையை நீட்டினான். அவள் ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்: எண்ணும்போது குறுக்கே பேசக்கூடாது.

“இருவத்தொம்போது... முப்பது...”

அவன் ஒரு கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தான். மறு கை மடியிலிருந்த கிடாரைச் சரியாமல் பிடித்திருந்தது. மாரப்பன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பெரிய லாரிதான் போலிருந்தது.