கடைசி மூட்டை வரை

வேலையை விடுவதென்று நான் முடிவெடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. எப்போது விடுவது என்பது மட்டும்தான் மிச்சமிருந்தது.

கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்யாதவர்களுக்கு இது சின்ன மிச்சமாகத் தெரியலாம். மார்ச்சில் விட முடியாது, நிதியாண்டு முடிகிற மாதம். அது முடிந்த கையோடு கூட்டுறவுச் சங்கங்கள் வரும். கோயில் திருவிழாக்கள் முடிந்ததும் கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கர்மார் பற்றுச்சீட்டுகளை உரப்பைக்குள் போட்டுக் கொண்டுவந்து மேசையில் கவிழ்ப்பார்கள். சாமி விஷயம், பாதியில் எழும்பிப் போக முடியாது. நவம்பர் வருமான வரி. டிசம்பரில் மழை பிடித்து வெள்ளம் வந்துவிடும். வெள்ளத்துக்குள் நின்றுகொண்டு யாராவது வேலையை விடுவார்களா? ஜனவரியில் விடலாம். ஆனால் ஜனவரியில் ஆள் கொஞ்சம் தேறிவிடுகிறது. ஏன் விட நினைத்தோம் என்பது மறந்துபோகிறது. அது நினைவுக்கு வரும்போது மறுபடியும் மார்ச்.

எங்கள் அலுவலகம் மட்டக்களப்பு நகரத்துக்குள், ஒரு பல் வைத்தியரின் மேல்மாடியில் இருக்கிறது. கீழே சத்தம் கேட்கும், மேலே கேட்காது. மற்றபடி பெரிய வித்தியாசமில்லை. முதலாளி வினாயகமூர்த்தி சேர் எங்களுக்கு முன்னால் வந்து எங்களுக்குப் பின்னால் போகிறவர். மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பின்னேரம் பிரிப்பார், அதையும் பாதியில் மூடிவைப்பார். ஒருநாளும் ஒருவரையும் ஏசியதில்லை. அது பெரிய இடைஞ்சல். கெட்ட மனிதராக இருந்திருந்தால் என் வேலை எவ்வளவோ சுலபமாக முடிந்திருக்கும்.

இந்த வருடம் பெப்ரவரியில் அவர் என்னைக் கூப்பிட்டு, கல்முனையில் கிளை திறக்கப்போவதாகவும் அதற்கு என்னைப் பொறுப்பாகப் போட நினைப்பதாகவும் சொன்னார். மூன்று வருட ஒப்பந்தம். சித்திரை வருடப்பிறப்புக்கு முன் பதில் வேண்டும். சரி, யோசிக்கிறேன் என்றேன். யோசிப்பதற்குத் தேவையான பொருள் என்னிடம் அப்போது கையிருப்பில் இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

உண்மையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்றால், என் இடது கண் இமை தன்பாட்டில் துடிக்கத் தொடங்கியிருந்தது. ஒன்றுவிட்ட அக்காவின் கலியாண வீட்டில் தாலி கட்டும் நேரம் நான் வாடகைக் கதிரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டேன். வேலைக்குப் போகிறேனா, வீட்டுக்குப் போகிறேனா என்று தெரியவில்லை. சுற்றிப் பார்த்தேன். சூரியன் முதுகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் பின்னேரம், அப்படியென்றால் வீட்டுக்கு. கண்டுபிடித்ததில் ஒரு சந்தோஷமும் இருந்தது. ஆனால் இன்னும் மூன்று வருடம் இப்படியே ஓடினால் சூரியனாலும் உதவ முடியாத ஒரு நாள் வரும் என்று அந்தப் பாலத்தில் வைத்தே விளங்கியது.

ஆகவே விசாரிக்கத் தொடங்கினேன். ஒரு மனிதனுக்கு அந்த நாள் எதுவென்று எப்படித் தெரிகிறது? யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும்தானே.

முதலில் டொக்டர் சில்வெஸ்டரிடம் போனேன். கண்ணைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், எக்கவுண்டன்மார் எல்லோரும் மார்ச்சில் இதே கண்ணோடுதான் வருகிறார்கள் என்றார். ஓய்வு கட்டாயம் என்று துண்டில் எழுதிக் கையெழுத்தும் வைத்தார். பிறகு துண்டைக் கையில் தராமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ட டெக்ஸ் ஃபைல் உன்னட்டத்தானே இரிக்கி? அத முடிச்சிட்டு ஓய்வெடு, என்ன."

அடுத்தது றஸீனா. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்து, இதே அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்து, போன வருடம் விட்டுவிட்டுப் போய் இப்போது காத்தான்குடியில் கேக் செய்து விற்கிறாள். உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். ஒருநாள் காலையில் ஒரு கால் சப்பாத்தைப் போட்டாளாம், மற்றதைப் போடவில்லையாம். அவ்வளவுதான். அந்தக் காலை வேறு காலைகளில் இருந்து எந்த விதத்தில் வித்தியாசம் என்று நான் துருவினேன். ஒரு வித்தியாசமும் இல்லை என்றாள். இப்படியான சாட்சியத்தை எந்தக் கோப்பிலும் போட முடியாது. அடுத்த நாளில் இருந்து நான் சப்பாத்துப் போடும்போது என்னையே கவனித்துப் பார்த்தேன். இரண்டு காலும் ஒழுங்காகச் சப்பாத்துக்குள் போயின.

அம்மாவிடம் கேட்க முடியாது. என் அம்மா மங்கையற்கரசி, கல்முனைக் கதையைக் கேட்ட அன்றே தெருவில் பாதி வீட்டுக்குச் சொல்லிவிட்டா. மிச்சப் பாதி அவவோடு கோபம்.

மார்ச் முப்பத்தோராம் திகதி என்னை வெல்லாவெளிக்கு அனுப்பினார்கள். அங்கே பெரிய வயல்காரரான கந்தப்போடியாருக்கு நெல் ஆலையும் களஞ்சியமும் இருக்கின்றன. நிதியாண்டின் கடைசி நாளில் களஞ்சியத்தில் எவ்வளவு நெல் கிடக்கிறது என்று கணக்காய்வுப் பக்கத்தில் இருந்து ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மூட்டைகளை எண்ணிவிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொஞ்சத்தை எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தால் போதும். மத்தியானத்துக்குள் முடிகிற வேலை.

பட்டிருப்புப் பாலம் தாண்டிப் போகும்போது அறுவடை முடிந்த வயல் வட்டைகளில் மாடுகள் நின்றன. நான் அவற்றை எண்ணவில்லை. நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டேன்.

கந்தப்போடியார் வெள்ளைச் சாரமும் ஸ்மார்ட் போனுமாக வாசலில் நின்றார். ஆலை புது மெசின், தராசு சிவப்பு எழுத்து எரிகிற டிஜிட்டல் தராசு. ஆனால் களஞ்சியக் கதவடியில் என்னை மறித்து ஒரு விஷயம் சொன்னார். அவருடைய தகப்பன் காலத்தில் சூடடிக்கிற களத்தில் இருந்த முறையை அவர் இங்கே வைத்திருக்கிறார். நெல்லுக்குக் கிட்ட நிற்கும்போது குறைவான சொல் எதுவும் வாயில் வரக்கூடாது. 'இல்லை' ஆகாது. 'முடிஞ்சு' ஆகாது. 'போதும்', அதே அர்த்தத்தில் நாங்கள் சொல்கிற 'காணும்', இரண்டும் ஆகவே ஆகாது. நெல்லுக்குக் கேட்டால் அது போதுமாக்கும் என்று நின்றுவிடும்.

அப்படியென்றால் நிறுத்தச் சொல்வதற்கு என்ன சொல்வது என்று கேட்டேன். உண்மையாகவே அறிய ஆசையாக இருந்தது.

"'பெருகட்டும்' எண்டு சொல்லுங்க தம்பி. பொடியன்மார் விளங்கிக்கொள்ளுவாங்க."

வேலையை நிறுத்துவதற்கு, இன்னும் பெருகட்டும் என்று சொல்ல வேண்டும். எங்கள் அலுவலகத்திலும் ஏறக்குறைய இதே முறைதான் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

மூட்டைகளை எண்ணி முடித்தேன். எண்ணிக்கை சரி. பிறகு எடை. இரண்டு பேர் அடுக்கில் இருந்து மூட்டையை இறக்கித் தராசில் வைப்பார்கள், நான் சிவப்பு எழுத்தைப் பார்த்து எழுதுவேன், அவர்கள் தூக்கி மறுபக்கம் அடுக்குவார்கள். மேல் வரிசையில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம். வழமையாக நான் கேட்கிற அளவு வந்ததும் நிமிர்ந்தேன். வாயைத் திறந்தேன்.

'காணும்' நாக்கு நுனியில் வந்து நின்றது. அது ஆகாது. 'போதும்' அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது. அதுவும் ஆகாது. போடியார் சொல்லித் தந்த சொல்லைத் தேடினேன். காணவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன் சொல்லித் தந்த சொல், அதை வைத்து நானே மனதுக்குள் பகிடி விட்ட சொல், போன இடம் தெரியவில்லை. அவர்கள் அடுத்த மூட்டையை வைத்தார்கள். நான் எழுதினேன்.

கையை உயர்த்தியிருக்கலாம். சொல் மறந்துபோச்சு என்று போடியாரிடம் கேட்டிருக்கலாம். கதவுக்கு வெளியே போய்க் கூப்பிட்டிருக்கலாம். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே, இது எதுவரைக்கும் போகிறது என்று வேறு யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றேன். யாராவது நிறுத்துவார்கள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த யாராவது நான்தான் என்று அவர்கள் நினைத்தார்கள்.

தேத்தண்ணி வந்தது. குடித்துவிட்டுத் தொடர்ந்தோம். போடியார் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். இரண்டாம் தரம், இது கொழும்பில் இருந்து வந்த புதுச் சட்டமா என்று மெதுவாகக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஓம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாது. எப்படியும் 'இல்லை' என்று அங்கே சொல்லக்கூடாது. மத்தியானம் வாவி இறால் கறியும் சோறும் தந்தார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் போனோம். மூட்டை தூக்கிய இரண்டு பேரில் மூத்தவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை, கேள்விதான் இருந்தது. என் கண்ணிலும் அதே கேள்விதான் இருந்திருக்கும்.

வெயில் சாயும் நேரம் களஞ்சியத்தின் அந்தப் பக்கச் சுவர் தெரிந்தது. கடைசி மூட்டையும் தராசில் ஏறி இறங்கிவிட்டது. அப்போதும் அவர்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே.

கந்தப்போடியார்தான் வந்து, நெல்லைப் பார்த்துக் கும்பிட்டு, பெருகட்டும் என்றார். இருவரும் உடனே நிலத்தில் உட்கார்ந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது.

அடுத்த நாள் அலுவலகத்தில், நெல்லின் எடை அச்சொட்டாகச் சரி என்று அறிக்கை வைத்தேன். மத்தியானத்துக்குப் பிறகு வினாயகமூர்த்தி சேர் கூப்பிட்டார். முகம் நிறையச் சிரிப்பு.

"இரி தம்பி. போடியார் போன் எடுத்தவர். தன்ட நெல்ல இப்பிடி மதிச்ச ஒரு ஆளத் தான் கண்டதே இல்லையாம். கல்முனைக்கு இப்பிடியான ஆள்தான் வேணும்."

அதுவரைக்கும் நான் ஒரு நாளைத் தேடிக்கொண்டிருந்தேன். பெரிய பிழை ஒன்று விட்டு, அவர் முகம் சுளிக்கிற நாளாக அது இருக்கும் என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால், என் வாழ்க்கையிலேயே படுமோசமான நாளை நான் கொண்டுவந்து வைக்கிறேன். இந்த மேசையில் அது பதவி உயர்வாகத் தெரிகிறது. இங்கே இருந்து எனக்கு ஒரு எச்சரிக்கையும் வரப்போவதில்லை.

"நான் மதிக்கல்ல சேர்," என்றேன். "நிப்பாட்டச் சொல்ல எனக்கு வாய் வரல்ல."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். பாலத்தில் நின்றதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"எடை சரிதானே?"

"சரி சேர்."

"அப்ப மறுகா என்ன?"

"நான் கல்முனைக்குப் போகல்ல. ஏப்ரல் முடிய இஞ்ச இருந்தும் போறன்."

"நவம்பர் முடியட்டும்," என்றார். தும்மினால் 'நூறு' என்று சொல்வோமே, அப்படி வந்தது அது. யோசித்துச் சொன்னதில்லை.

"ஒண்ணா சேர்." முடியாது என்று சொல்ல இந்தத் தரம் வாய் வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழும்பிப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஏசத்தான் போகிறார், எனக்கும் கடைசியில் ஒரு நியாயமான காரணம் கிடைக்கப்போகிறது என்று ஆவலோடு இருந்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எப்பிடித் தெரிஞ்ச உனக்கு? சும்மாதான் கேக்கிறன்."

"தெரியல்ல சேர். வாயத் திறந்தன், ஒண்டும் வரல்ல. அத நானே பாத்துக்கொண்டு நிண்டன். அதுதான் பயமாப் போயிற்று."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கீழே பல் வைத்தியரிடம் யாரோ தங்கள் நிலைமையைத் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் போன வருஷம் பேங்கில இப்பிடி வந்த," என்றார். "கையெழுத்து வைக்கப் போனா, என்ட பேரில முதல் எழுத்து எதெண்டு தெரியல்ல."

"பிறகு?"

"பிறகு வந்திட்டு."

"யாரு சேர்?"

"எழுத்து."

மகள் ஒவ்வொரு கிழமையும் போனில் இதைத்தான் கேட்கிறாளாம், எப்போது அப்பா நிறுத்தப்போகிறீர்கள் என்று. நவம்பர் முடியட்டும் என்று இவர் சொல்கிறாராம். எந்த நவம்பர் என்று அவள் இதுவரைக்கும் கேட்கவில்லையாம். அதைச் சொல்லும்போது சேர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, சிரிக்க வேண்டிய இடமா என்று நிச்சயமாகத் தெரியவில்லை.

கோப்புகளை யாரிடம் ஒப்படைப்பது என்று கொஞ்ச நேரம் பேசினோம். ஏப்ரல் கடைசி வேலைநாள் என்று அவரே கலண்டரில் ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்தைப் பேனாவை எடுக்காமல் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, இன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

"நீங்க சேர்?"

"போ தம்பி, போ," என்றார். சோற்றுப் பார்சலைத் தன் பக்கம் இழுத்துப் பிரித்தார்.

கீழே இறங்கினால் மூன்று மணி. வேலை நாளில் மூன்று மணிக்கு மட்டக்களப்பு எப்படி இருக்கும் என்று நான் மூன்று வருடமாகப் பார்த்ததில்லை. எல்லோரும் எங்கோ உள்ளே இருப்பார்கள், தெரு வெறிச்சோடியிருக்கும் என்று ஒரு எண்ணம். அப்படியில்லை. பஸ் நிலையத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். ஒருவர் சைக்கிளில் கதவு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார். இரண்டு பெண்கள் ஐஸ்கிறீம் சாப்பிட்டபடி யாரைப் பற்றியோ மும்முரமாகக் குறை சொல்லிக்கொண்டு போகிறார்கள். இவ்வளவு பேரும் எங்கே வேலை செய்கிறார்கள்? இவர்களை விட்டது யார்?

அம்மாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. வழமையான நேரத்துக்கு முன்னால் வாசலில் போய் நின்றால் யாரோ செத்துப்போனதாக நினைத்துக் கத்துவா. ஆகவே வாவிக் கரைப் பக்கம் நடந்தேன். கரை மதிலின் மேல் நீளக்கைச் சட்டை, கறுப்புச் சப்பாத்து, கழுத்தில் அலுவலக அடையாள அட்டை எல்லாமாக ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டு இருந்தார். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிப்பதற்காகக் கிட்டப் போனேன். அவர் அட்டையைத் திருப்பிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்து எனக்கு இடம் விட்டார்.

"இரிங்க," என்றார். "சத்தம் போட ஒண்ணா."