மரியகொரட்டியின் கையெழுத்து

மரியகொரட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். வினையே அதுதான். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை போனவள். பேரை முழுசாக எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்துவிடுவாள். “கொரட்டிக்கா கையெழுத்தப் பாரு, தொரை கையெழுத்து தோத்துரும்” என்று லயத்து வீட்டுப் பெண்கள் கேலி பேசுவார்கள். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். இப்போது பதுளை மறியல் சிறை வாசலில், சோற்றுப் பார்சலோடு வரிசையில் நிற்கும்போது, பார்சலைப் பிடித்திருக்கிற அந்த வலதுகையைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

லுணுகலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். ஏழு மாதமாக இதே பஸ், இதே வரிசை. பார்சலில் மகன் ஜெஸ்டினுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. மணிபர்சுக்குள் ஒரு மஞ்சள் அட்டை. போனமுறை பார்த்தபோது அவன்தான் கேட்டான். “அந்த மஞ்ச அட்டை இன்னும் இருக்காம்மா? இங்க ஒரு பயலுக்கு ஒண்ணுமே தெரியல, பாவம். கொண்டாங்க, குடுப்போம்.” அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுவரை அழுதுகொண்டே நடந்தாள்.

அந்த அட்டை அவளுக்கு வந்தது போன வருடம், கோயில் மண்டபத்தில். பதுளையிலிருந்து மயூரி என்ற சட்டத்தரணி வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு, ஆனால் தலைக்கனம் இல்லாத பெண். பொலிஸ் பிடித்தால் என்ன கேட்கலாம் என்று இரண்டு மணித்தியாலம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆளுக்கொரு அட்டை தந்தார். ஏன் பிடிக்கிறீர்கள் என்று காரணம் கேளுங்கள். வீட்டுக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். சட்டத்தரணி வேண்டும் என்று சொல்லுங்கள். விளங்காத பாஷையில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள், தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மரியகொரட்டி அதை மனப்பாடமே செய்துவிட்டாள். தேத்தண்ணி நேரத்தில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு மற்றப் பெண்களுக்கு ஒப்பிப்பாள். “அடியே, நம்ம கொரட்டிக்கா லோயராயிட்டா!” என்று சிரிப்பார்கள். ஜெஸ்டினுக்கும் இரண்டு தடவை வாசித்துக் காட்டியிருந்தாள்.

ஆனால் அதற்கு முன்னாலேயே வேறொன்றை அவள் மனப்பாடம் செய்திருந்தாளே, அதை என்ன செய்வது? தோட்டத்தில் ஒரு வழக்கம். ஆபீசுக்குக் கூப்பிட்டால் என்ன ஏது என்று கேட்பதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். செய்தோமா இல்லையா என்பதெல்லாம் பிறகு. “மன்னிச்சிருங்க தொரை, தெரியாம நடந்துருச்சு” என்று சொன்னால் ஒரு கடிதம் வரும், கையெழுத்து வைத்தால் வார்னிங்கோடு சரி, மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடுவார்கள். நான் செய்யவில்லை என்று நிமிர்ந்து பேசியவர்களுக்குத்தான் வேலை நின்றது. ஒருமுறை யாரோ பறித்த முற்றல் கொழுந்துக்கு மரியகொரட்டி மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அவள் அம்மாவும் அப்படித்தான் கேட்டுக் கேட்டே பென்சன் வாங்கினாள்.

ஜெஸ்டின் மொனராகலையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தான். கோயில் திருவிழாவுக்காக லீவு போட்டுவிட்டு வந்துகொண்டிருந்தவனை வழியிலேயே பஸ்ஸை மறித்துப் பொலிஸ்காரர்கள் பிடித்தார்கள். அவன் இருந்த சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பை. அதற்குள் ஏதோ தூள், போதைத்தூளாம். யாருடையது என்று கேட்டதற்குப் பஸ்ஸில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவன் தன்னுடையது இல்லை என்றான். சீட் அவனுடையதாயிற்றே, கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் காலையில் மரியகொரட்டி ஸ்டேசனுக்குப் போனாள். துணைக்குத் தோட்டத்துத் தலைவர் வீரய்யா. அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். போகிற வழியெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான். “சட்டம் கிட்டம்னு ஆரம்பிச்சிராதம்மா. பொடியன் வெளிய வரணும்ல? மன்னிப்பு கேளு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.” அவரையும் குறை சொல்லிப் பயனில்லை. முப்பது வருடமாக அவர் அப்படித்தான் தோட்டத்து ஆட்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

ஸ்டேசனில் யாரும் அவளை அதட்டவில்லை. உட்காரச் சொன்னார்கள், தேத்தண்ணிகூடக் கொடுத்தார்கள். அதட்டியிருந்தாலாவது அவளுக்குச் சுதாரிப்பு வந்திருக்குமோ என்னவோ. சார்ஜன் பெரிய புத்தகத்தை விரித்து ஏதோ கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள்ளேயே அவளுடைய இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன.

“மன்னிச்சிருங்க ஐயா. தெரியாம கொண்டாந்துட்டான் ஐயா. தகப்பன் இல்லாத புள்ள. இந்த ஒரு தடவ மட்டும் மன்னிச்சு விட்டுருங்க ஐயா.”

வீரய்யா அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார். சார்ஜன் அப்படியே எழுதினார்.

கம்பிக்குப் பின்னாலிருந்து ஜெஸ்டின் கத்தினான். “அம்மா! நான் கொண்டாரலம்மா! எதுக்கு மன்னிப்பு கேக்குறீங்க?”

“நீ சும்மா இருடா!”

“தமிழ்ல வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கம்மா. நீங்கதானே அட்டையில இருக்குன்னு சொன்னீங்க?”

அந்த நேரத்தில் அட்டை முழுக்க அவளுக்கு ஞாபகம் இருந்தது. எத்தனையாவது வரியில் அது இருக்கிறது என்பதுகூடத் தெரியும். மறந்துபோயிருந்தால் இன்றைக்கு ஒரு சமாதானமாவது சொல்லிக்கொள்ளலாம். கேட்டால் ஐயாவுக்குக் கோபம் வந்துவிடும், வருகிற மன்னிப்பும் வராமல் போய்விடும் என்று பயந்தாள். அவ்வளவுதான். பேனாவை வாங்கிப் பேரை முழுசாக எழுதி, அடியில் கோடும் இழுத்தாள். பிறகு எழுந்துபோய்க் கம்பிக்குள் கையை விட்டு மகனின் தலையைத் தடவினாள். “போட்டுருய்யா. போட்டா விட்டுருவாங்க. சாயங்காலம் கோயிலுக்குப் போயிரலாம்” என்றாள். ஜெஸ்டின் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு அவனுக்கு நீட்டிய தாளில் போட்டுவிட்டான்.

அன்று சாயங்காலம் திருவிழாச் சப்பரம் லயத்துப் பக்கம் வந்தபோது அவள் வாசலில் மெழுகுவர்த்தியோடு தனியாக நின்றாள்.

இரண்டு கிழமை கழித்து மயூரி தன் கந்தோரில் அந்தக் காகிதங்களின் பிரதியை வாசித்துச் சொன்னார். முதலில் ஜெஸ்டினுடையது, அடுத்தது அவளுடையது. வாசித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“இது மன்னிப்புக் கடிதம் இல்லையம்மா. வாக்குமூலம்.”

“நான் மன்னிப்புத்தாங்க கேட்டேன் மிஸ்.”

“தெரியுது. ஆனா மகன் கொண்டு வந்தவர் எண்டு நீங்கள் சொன்னதாத்தானே இதிலை கிடக்கு. உங்களையும் சாட்சியாப் போட்டிருக்கினம்.”

“நான் பாக்கவே இல்லையே மிஸ்! அந்தப் பை என்ன நிறம்னுகூட எனக்குத் தெரியாதே! இப்ப போயி இல்லன்னு சொன்னா ஆகாதா?”

“சொல்லுவம். கட்டாயம் சொல்லுவம். ஆனா பெத்த தாயே சொல்லியிருக்கிறா எண்டுதான் பொலிஸ்காரர் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். இந்த வழக்குக்குப் பிணையும் லேசிலை கிடைக்காது. காலம் எடுக்குமம்மா.” அதற்குப் பிறகு மயூரி குரலைத் தணித்துக் கேட்டார். “நீங்கள் அண்டைக்கு மண்டபத்திலை முன்வரிசையிலை இருந்தனீங்கள், என்ன?”

பாவி, முன்வரிசையில்தான் இருந்தாள்.

ஜெஸ்டின் ஒரு நாளும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏசியிருந்தால் அவள் வாங்கிக்கொண்டிருப்பாள். “விடுங்கம்மா, நானுந்தானே போட்டேன்” என்பான். “முட்டுக்காலு வலி எப்பிடி இருக்கு?” என்று கேட்பான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

வரிசை நகர்ந்தது. மேசையில் இருந்த காவலன் ஹாலிஎல ஊர்ச் சிங்களவன், தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவன், கொஞ்சம் தமிழ் பேசுவான். பார்சலைக் கிளறிப் பார்த்தான். மணிபர்சைத் திறந்து மஞ்சள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று மறுபடி உள்ளே வைத்தான். பிறகு வழக்கம்போலப் புத்தகத்தில் சிங்களத்தில் ஒரு வரியை எழுதி, அவள் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினான்.

இருபத்தைந்து தடவையாவது அவள் அதில் கையெழுத்து வைத்திருப்பாள். இன்றைக்குக் கை போகவில்லை.

“இதுல என்ன எழுதியிருக்குங்க ஐயா?”

“என்னது?”

“தமிழ்ல வாசிச்சுக் காட்டுங்க.”

காவலன் சிரித்துவிட்டான். “அம்மே, இது சும்மா பார்க்க வந்த ஆள் பேர்தானே. சைன் போடுங்க, லேட் ஆகுது.”

“வாசிச்சுக் காட்டுங்க ஐயா. வாசிக்காம நான் போட மாட்டேன்.”

பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். “என்னம்மா நீ, பார்க்கிற நேரம் முடியப் போகுது” என்று ஒருத்தி அலுத்துக்கொண்டாள். மரியகொரட்டி நகரவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவளுக்கு ஏழு மாதம் ஆகியிருந்தது. சரியான இடத்தில் இது இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

காவலன் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தான். சிரிப்பை நிறுத்திவிட்டு, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, எழுத்தின் மேல் விரலை வைத்து மெதுவாக வாசித்தான்.

“வந்த ஆள் பேர்... மரியகொரட்டி. பார்க்கப் போற ஆள்... ஜெஸ்டின். என்ன சொந்தம்...” விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. “அம்மா.”

புத்தகத்தை மறுபடி அவள் பக்கம் திருப்பினான்.

“சரியா?”

உள்ளே கம்பி வலைக்கு அந்தப்பக்கம் ஜெஸ்டின் வந்து நின்றுவிட்டான். கூட்டத்தில் அம்மாவைக் காணாமல் எட்டி எட்டிப் பார்த்தான். மரியகொரட்டி பேனாவைப் பிடித்தபடி அந்தக் கடைசிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எழுதினது சரிதானே அம்மே?” என்று காவலன் இன்னொரு தடவை கேட்டான்.