எட்டுச்செலவுக் குழம்பு

சிவபாதசுந்தரம் செத்து எட்டாம் நாள். எட்டுச்செலவுப் படையலுக்கு வெள்ளவத்தை பிளாட்டில் சொந்தபந்தம் குவிந்திருந்தது. அவருக்குப் பிடித்த மீன்குழம்பை மனைவி பாலேஸ்வரிதான் வைத்தாள். படையலை ருசி பார்க்கக் கூடாது. உப்புச் சரியா என்று தெரியாமல் சட்டியைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள்.

"பாருங்கோ, புருசனிலை எவ்வளவு பாசம்!" என்றாள் செத்தவரின் அக்கா அன்னபாக்கியம்.

பாலேஸ்வரியின் தங்கை தவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாசமாம்! உப்புக் கூடினால் சோற்றுக் கோப்பை பாலேஸ்வரியின் முகத்துக்குத்தான் பறக்கும். கீழ்வீட்டில் இருந்துகொண்டு, அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டிவியைக் கூட்டிவைத்தவள் இந்த அன்னபாக்கியம். இன்றைக்குத் தம்பி தங்கமான மனுசனாம். கோயில் தலைவராம். த்தூ!

பாலேஸ்வரி மாலை போட்ட படத்தின் முன் இலையில் குழம்பை ஊற்றினாள்.

"உப்புக் கூடிப்போச்சோ தெரியேல்லை. கோவிக்காதேங்கோ" என்று படத்தைப் பார்த்து முணுமுணுத்தாள். பிறகு, கோப்பை பறந்து வந்தாலும் படாத தூரத்துக்குப் பின்வாங்கி, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

தவமலர் எழுந்து போய் அவளை அணைக்கப் பார்த்தாள்.

அன்னபாக்கியம் தடுத்தாள். "விடு பிள்ளை. ஆசை தீர அழட்டும்."