தானாகத் திரும்பாத ஸ்டியரிங்

“நான் அப்பவே சொன்னேன், மால்கம்...”

“நீ சொன்னது டயரைப் பத்தி, கிளெனிஸ்!”

“எல்லாத்தையும்தான் சொன்னேன். உன் காது கராஜ்லயே கிடந்துச்சு.”

வாகனச் சோதனை நிலையத்து வாசலில் மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்களை மால்கம் வருடக்கணக்கில் பூட்டிச் செய்த கார் இன்றும் தேறவில்லை. தேறாமல் சாலையில் ஓட்ட முடியாது. கூர்முனைகளையெல்லாம் மழுக்கி, திருகுகளுக்கு ரப்பர் தொப்பிகூட மாட்டியிருந்தார். ஆனால் ஆடக்கூடாதென்று ஸ்டியரிங்கை அவர் இறுக்கிய இறுக்கில், வளைத்துக் கையை எடுத்தால் அது தானாக நேருக்குத் திரும்பவில்லை.

“தளர்த்தி விட்டா முடிஞ்சுது. மறுசோதனைக்கு மார்ச்சுல தேதி தர்றாங்களாம்.”

பார்வை மங்குகிறது, கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஓட்டவே கூடாது என்று கண் மருத்துவர் மால்கமிடம் சொன்னபோது மனைவி கிளெனிஸும் பக்கத்தில்தான் இருந்தாள்.

“மார்ச்சுல யாரு ஓட்டுவா, மால்கம்?”